ஒரு டன் தீவனத்தில் சில கிராம்

நுண்ணுயிர்க்கொல்லிகளின் கதை: பகுதி 11

1950 ஏப்ரல் 10ஆம் தேதி நியூயார்க் டைம்ஸ் நாளிதழின் முதல் பக்கத்தில் கோழி, பன்றிகளைப் பற்றிய ஒரு செய்தி இடம்பிடித்தது. ஆரியோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக்கை மிகச் சிறிய அளவில் தீவனத்தில் கலந்து கொடுத்தால் கால்நடைகளின் வளர்ச்சி 50% வரை கூடும் என்றது அந்தச் செய்தி. கண்டுபிடித்தவர்கள் லெடர்லே என்ற மருந்து நிறுவனத்தின் விஞ்ஞானிகள் தாமஸ் ஜூக்ஸ், ராபர்ட் ஸ்டோக்ஸ்டாட். மனிதர்களுக்கான மருந்தாக ஆரியோமைசின் கடைக்கு வந்து இரண்டு ஆண்டுகூட ஆகவில்லை. அதற்குள் அது மக்காச்சோளத்தோடும் சோயா புண்ணாக்கோடும் சேர்ந்து தீவனத் தொட்டிக்குள் போகத் தயாராகிவிட்டது.

சென்ற இதழில் பென்சிலின் போர்க்களத்திலிருந்து ஊர் மருந்துக்கடைக்கு வந்து சேர்ந்தது. அதே ஆண்டுகளில் மருந்து இன்னொரு வழியாகவும் புறப்பட்டுவிட்டது. அந்த வழி கோழிக்கூட்டில் தொடங்கியது.

இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய அமெரிக்காவில் கோழி வளர்ப்போருக்குத் தீவனம்தான் பெரிய கவலை. குஞ்சு நன்றாக வளர மீன்தூள் வேண்டும். அதன் விலையோ ஏறிக்கொண்டிருந்தது. சோயா மலிவு. ஆனால் சோயாவையும் சோளத்தையும் மட்டும் தின்ற குஞ்சுகள் சவலையாக நின்றன, பல செத்தன. மாமிசத்தில் இருக்கும், ஆனால் தானியத்தில் இல்லாத ஏதோ ஒன்று அவற்றுக்குத் தேவைப்பட்டது. பெயர் தெரியாத அந்தப் பொருளை 'விலங்குப் புரதக் காரணி' என்று குறித்து வைத்துத் தேடினார்கள். 1948இல் அமெரிக்காவில் மெர்க் நிறுவனமும் இங்கிலாந்தில் கிளாக்ஸோ நிறுவனமும் ஈரலிலிருந்து வைட்டமின் பி12ஐப் பிரித்தெடுத்தபோது அந்தத் தேடலின் பெரும்பகுதி முடிந்தது. அந்த வைட்டமினை மண்ணில் வாழும் ஸ்ட்ரெப்டோமைசிஸ் வகை நுண்ணுயிரிகளும் தயாரிக்கின்றன என்பதும் அதே ஆண்டு தெரியவந்தது.

லெடர்லேயிடம் அந்த வகை நுண்ணுயிரி ஒன்று ஏற்கெனவே இருந்தது. பேராசிரியர் பணியிலிருந்து ஓய்வுபெற்று, எழுபதைத் தாண்டிய வயதில் அங்கே வேலைக்குச் சேர்ந்த தாவரவியலாளர் பெஞ்சமின் டக்கர், ஊர் ஊராக மண் வரவழைத்துச் சோதித்துக்கொண்டிருந்தார். மிசௌரி பல்கலைக்கழகத்தின் சான்பார்ன் வயலிலிருந்து வந்த மண்ணில் மஞ்சள் நிற நுண்ணுயிரி ஒன்று சிக்கியது. அதிலிருந்து கிடைத்ததுதான் ஆரியோமைசின், டெட்ராசைக்ளின் குடும்பத்தின் மூத்த பிள்ளை.

டக்கருக்கு அந்த வேலையைக் கொடுத்த ஆராய்ச்சி இயக்குநர் சென்னையில் படித்தவர். எல்லாப்பிரகட சுப்பாராவ் பீமவரத்தில் பிறந்து, திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலும் மாநிலக் கல்லூரியிலும் படித்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். காந்தியின் அழைப்பை ஏற்றுக் கதர் அணிந்ததால் ஆங்கிலேயப் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். பட்டத்துக்குப் பதில் எல்.எம்.எஸ். மட்டும் பெற்றார். சென்னையில் ஆயுர்வேதக் கல்லூரி ஒன்றில் பாடம் நடத்தினார். பிறகு ஹார்வர்டு, அங்கிருந்து 1940இல் லெடர்லே. 1948 ஜூலையில் ஆரியோமைசின் உலகுக்கு அறிவிக்கப்பட்டது; ஆகஸ்டில் சுப்பாராவ் தூக்கத்திலேயே காலமானார். தன் ஆய்வகத்தின் மருந்து கோழித் தீவனத்துக்குப் போனதை அவர் பார்க்கவில்லை.

ஜூக்ஸின் கணக்கு எளிமையானது. ஆரியோமைசினை வடித்தெடுத்த பிறகு தொட்டியில் மிஞ்சும் கூழை ஆலை கழிவாகத்தான் பார்த்தது. அந்தக் கூழில் பி12 இருக்க வேண்டும். கோழிக்குப் போட்டால் என்ன? 1948 டிசம்பரில் சத்துக் குறைந்த தீவனம் தின்ற குஞ்சுகளைப் பிரிவு பிரிவாகப் பிரித்து, சிலவற்றுக்கு ஈரல் சாறும் சிலவற்றுக்கு அந்தக் கூழும் கொடுத்தார். டிசம்பர் 25 அன்று எடை பார்க்க வேண்டியிருந்தது. கிறிஸ்துமஸ் விடுமுறையில் உதவியாளர்கள் போய்விட்டதால் பேர்ல் ரிவர் ஆய்வகத்துக்கு அவரே வந்து குஞ்சுகளை ஒவ்வொன்றாகத் தராசில் வைத்தார். கூழ் அதிகம் தின்ற குஞ்சுகள் ஈரல் சாறு தின்றவற்றைவிடக் கனமாக இருந்தன. கூழில் இருந்த பி12ஐ மட்டும் வைத்து அந்தக் கூடுதல் எடைக்குக் கணக்குச் சொல்ல முடியவில்லை. கூழில் ஒட்டிக்கொண்டிருந்த மிச்ச மருந்துதான் அந்த வேலையைச் செய்தது என்று ஸ்டோக்ஸ்டாடும் அவரும் விரைவிலேயே உறுதிசெய்தார்கள். அதற்குத் தேவைப்பட்ட அளவோ ஒரு டன் தீவனத்துக்கு வெறும் சில கிராம்.

எப்படி வேலை செய்தது? இதற்கு ஒரு நல்ல தடயம் இங்கிலாந்தின் ரெடிங் நகரில் கிடைத்தது. அங்கே கோழி உணவை ஆராய்ந்த மேரி கோட்ஸ் குழுவினர், அதுவரை கோழியே வளர்க்காத புதுக் கட்டடத்தில் குஞ்சுகளை வளர்த்தபோது ஆன்டிபயாட்டிக்கால் எந்தக் கூடுதல் வளர்ச்சியும் ஏற்படவில்லை. பிறகு நுண்ணுயிரியே இல்லாத கூண்டில் வளர்த்த குஞ்சுகளுக்குப் பென்சிலின் கொடுத்துப் பார்த்தார்கள், அவற்றிலும் மாற்றமில்லை. பழைய கூடங்களில் புழங்கிய கிருமிகள் வெளியே தெரியாத சிறு நோய்களை உண்டாக்கிக் குஞ்சின் தீனியில் ஒரு பங்கைத் தின்றுகொண்டிருந்தன. மருந்து அந்தப் பங்கை மீட்டுக் கொடுத்தது. அதாவது கூடம் எவ்வளவு நெருக்கடியாகவும் அழுக்காகவும் இருந்ததோ, அவ்வளவு லாபம் தெரிந்தது. ஒரே கூரையின் கீழ் ஆயிரக்கணக்கான கோழிகளை அடைத்து வளர்க்கும் பண்ணைமுறை அப்போதுதான் பரவிக்கொண்டிருந்தது. கையில் கிடைத்த மலிவான மருந்து அதற்குத் தோதாக அமைந்தது.

1951இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் கால்நடை மருத்துவரின் சீட்டு இல்லாமலே தீவனத்தில் ஆன்டிபயாட்டிக் கலக்க அனுமதித்தது. 1953இல் பிரிட்டனும் சட்டத்தைத் திருத்திப் பன்றி, கோழித் தீவனத்தில் பென்சிலினையும் டெட்ராசைக்ளினையும் அனுமதித்தது. இதற்கிடையே எச்சரிக்கையும் வந்துவிட்டது. அதே 1951இல் கலிஃபோர்னியாவின் ஸ்டார், ரெனால்ட்ஸ் என்ற இருவர், ஸ்ட்ரெப்டோமைசின் கலந்த தீனி தின்ற வான்கோழிகளின் குடலில் அந்த மருந்துக்கு அசைந்து கொடுக்காத பாக்டீரியாக்கள் பெருகியிருப்பதை எழுதி வெளியிட்டார்கள். குறைந்த அளவு மருந்து கிருமிக்குப் பயிற்சி கொடுத்துவிடும் என்று அலெக்சாண்டர் ஃபிளெமிங் 1945இல் தன் நோபல் உரையிலேயே சொல்லியிருந்தார். பண்ணைக்குப் போனது அந்தக் குறைந்த அளவு மருந்துதான். ஆனால் சந்தையில் ஒரு கிலோ கோழிக்கறியின் விலை இறங்கிக்கொண்டிருந்தபோது வான்கோழிக் குடலைப் பற்றிய ஆய்வுக் கட்டுரையை யார் படிப்பார்கள்?

படிக்க வைத்தவர் லண்டனின் கோலிண்டேல் ஆய்வகத்தில் குடல் கிருமிகளை வகைபிரித்துக்கொண்டிருந்த ஈ.எஸ். ஆண்டர்சன். 1960களின் நடுவில் சால்மொனெல்லா கிருமியின் '29ஆம் வகை' அவர் மேசைக்கு அடிக்கடி வரத் தொடங்கியது. பிறந்து சில நாளே ஆன கன்றுகள் சந்தைக்குச் சந்தை, லாரிக்கு லாரி மாறிப் பயணித்தபோது அந்தக் கிருமியும் கூடவே போனது, பல மருந்துகளை ஒரே நேரத்தில் எதிர்த்து நின்றது, மனிதர்களையும் பிடித்தது. இதில் நுட்பமான விஷயம் ஒன்று உண்டு. கன்றுகளுக்கு வளர்ச்சிக்காக மருந்து கொடுப்பதைப் பிரிட்டிஷ் சட்டம் அனுமதிக்கவில்லை. அவற்றுக்குக் கொடுத்தது நோய்க்கும் நோய்த் தடுப்புக்கும்தான். தீவன நிறுவனங்கள் இந்த வேறுபாட்டை விடாமல் பிடித்துக்கொண்டன.

ஆனால் ஆண்டர்சனை உறங்கவிடாத செய்தி ஜப்பானிலிருந்து வந்திருந்தது. மருந்தை எதிர்க்கும் தன்மையை ஒரு பாக்டீரியா தன் வாரிசுக்கு மட்டுமல்லாமல் பக்கத்தில் இருக்கும் வேறு இனத்துப் பாக்டீரியாவுக்கும் கைமாற்றிவிடுகிறது என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 1950களின் இறுதியில் வயிற்றுக்கடுப்புக் கிருமிகளில் கண்டிருந்தார்கள். சுடோமு வடானபே 1963இல் அதை ஆங்கிலத்தில் விரிவாக எழுதினார். அப்படியானால் பன்றியின் குடலில் எந்தத் தீங்கும் செய்யாத கிருமியிடம் இருக்கும் எதிர்ப்பு, மனிதனைக் கொல்லும் கிருமிக்கும் போய்ச் சேரலாம்.

1967இன் இறுதியில் மிடில்ஸ்பரோ வட்டாரத்தில் வயிற்றுப்போக்கு பரவிப் பல கைக்குழந்தைகள் இறந்தார்கள். காரணமான ஈ.கோலை கிருமிக்குப் பல மருந்துகள் பலிக்கவில்லை. அந்தக் கிருமி பண்ணையிலிருந்து வந்தது என்று யாரும் நிரூபிக்கவில்லை. இருந்தும் பத்திரிகைகளிலும் நாடாளுமன்றத்திலும் கேள்விகள் எழுந்தன. 1968இல் அரசு, எடின்பரோ பல்கலைக்கழகத் துணைவேந்தர் மைக்கேல் ஸ்வான் தலைமையில் குழு அமைத்தது. 1969 நவம்பரில் வந்த ஸ்வான் அறிக்கை வேலி ஒன்றைப் போட்டது. மனித சிகிச்சைக்குப் பயன்படும் ஆன்டிபயாட்டிக்கை வளர்ச்சிக்காகத் தீவனத்தில் கலக்கக் கூடாது; மனிதருக்குப் பயன்படாதவற்றைக் கலக்கலாம். 1971இல் பென்சிலினும் டெட்ராசைக்ளினும் பிரிட்டிஷ் தீவனத்திலிருந்து விலகின. மருத்துவரின் சீட்டோடு கொடுக்கத் தடையில்லை என்பதால் பழைய மருந்து புதிய காரணத்தோடு பல பண்ணைகளில் தொடர்ந்தது.

அந்த வேலியின் உண்மையான பலவீனம் வேறிடத்தில் இருந்தது. எந்த மருந்து மனிதருக்குப் பயன்படும் என்ற பட்டியல் 1969இல் இருந்தது போலவே எப்போதும் இருக்கும் என்று அது எடுத்துக்கொண்டது. அதன் விளைவு டென்மார்க்கில் தெரியவந்தது. அதற்கு முன் அமெரிக்காவில் நடந்ததைப் பார்த்துவிடலாம்.

போஸ்டனின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஸ்டுவர்ட் லெவி என்ற மருத்துவர் 1970களின் நடுவில், நகருக்கு வெளியே சிறு பண்ணை ஒன்றில் 300 கோழிக்குஞ்சுகளை வளர்க்க ஏற்பாடு செய்தார். பாதிக்கு ஆக்ஸிடெட்ராசைக்ளின் கலந்த தீனி, மீதிக்குச் சாதாரணத் தீனி. ஆய்வுக்குப் பணம் கொடுத்தது கால்நடை மருந்து நிறுவனங்களின் சங்கம். பயப்பட ஒன்றுமில்லை என்று முடிவு வரும் என அது நம்பியிருந்தது. ஒரே வாரத்தில் மருந்து தின்ற குஞ்சுகளின் குடல் பாக்டீரியாக்களில் பெரும்பாலானவை எதிர்ப்பு பெற்றன. ஐந்தாறு மாதத்தில் பண்ணைக் குடும்பத்தினரிடம் வாராவாரம் எடுத்த மல மாதிரிகளில் 31.3%இல், பாக்டீரியாக்களில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் டெட்ராசைக்ளினை எதிர்ப்பவையாக இருந்தன. அக்கம்பக்கத்தாரிடம் இது 6.8%. குடும்பத்தில் யாரும் அந்த மருந்தைச் சாப்பிடவில்லை; கோழிகளைப் பராமரித்ததோடு சரி. 1976இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழ் இதை வெளியிட்டது.

அடுத்த ஆண்டே உணவு மருந்து நிர்வாகத்தின் தலைவர் டொனால்ட் கென்னடி, பென்சிலினையும் டெட்ராசைக்ளினையும் தீவனத்திலிருந்து நீக்கப் போவதாக அறிவித்தார். அவர் எதிர்கொண்டது மிசிசிப்பி மாநிலத்தின் ஜேமி விட்டனை. நிர்வாகத்துக்கான நிதியை ஒதுக்கும் நாடாளுமன்றக் குழு அவர் பிடியில் இருந்தது. இன்னும் ஆய்வு வேண்டும் என்று சொல்லி அந்தத் திட்டத்தை அவர் நிறுத்தி வைத்தார். ஆய்வுக்குப் பின் ஆய்வாக வந்தன. திட்டம் மட்டும் நகரவில்லை. 2011 டிசம்பரில் நிர்வாகமே அந்த அறிவிப்பைத் திரும்பப் பெற்றது. மனித சிகிச்சைக்கு முக்கியமான மருந்துகளை வளர்ச்சிக்காகக் கலப்பது அமெரிக்காவில் 2017 ஜனவரியில்தான் முடிவுக்கு வந்தது. கால்நடைகளுக்கான அத்தகைய மருந்துகளின் விற்பனை அந்த ஓர் ஆண்டில் 33% குறைந்தது. ஜூக்ஸ் அதற்குள் காலமாகியிருந்தார். 1999இல் இறக்கும்வரை, தன் கண்டுபிடிப்பு மக்களுக்கு மலிவான கறியைக் கொடுத்தது, ஆபத்து என்பதெல்லாம் மிகை என்றே வாதிட்டார்.

ஐரோப்பாவில் முதலில் கதவைச் சாத்தியது சுவீடன். நுகர்வோரின் நம்பிக்கை போய்விடுமோ என்ற அச்சத்தில் விவசாயிகளின் அமைப்பே தடையைக் கேட்டு, 1986இல் அங்கே வளர்ச்சிக்கான ஆன்டிபயாட்டிக்குகள் அனைத்தும் நின்றன. பக்கத்து நாடான டென்மார்க், பன்றி ஏற்றுமதியில் உலகின் முன்னணியில் நிற்கும் நாடு, அப்போது பின்தொடரவில்லை.

ஸ்வான் வேலிக்குள் தாராளமாக நுழைய முடிந்த மருந்துகளில் ஒன்று அவோபார்சின். மனிதர்களுக்கு யாரும் அதைக் கொடுப்பதில்லை என்பதால் 1970களின் நடுவிலிருந்து ஐரோப்பியத் தீவனங்களில் கலக்கப்பட்டது. அதன் நெருங்கிய உறவு வான்கோமைசின். 1958இல் வந்த அந்த மருந்தைப் பக்கவிளைவுகளுக்கு அஞ்சி மருத்துவர்கள் நெடுங்காலம் ஒதுக்கியே வைத்திருந்தார்கள். மற்ற மருந்துகளுக்கு அடங்காத ஸ்டஃபைலோகாக்கஸ் கிருமிகள் 1980களில் மருத்துவமனைகளில் பெருகியதும் வான்கோமைசின் கடைசி ஆயுதமாகிவிட்டது. ஒதுக்கி வைத்த மருந்து உயிர்காக்கும் மருந்தாகிக்கொண்டிருந்த அதே காலத்தில் அதன் சகோதரன் டன் கணக்கில் பன்றிக்கும் கோழிக்கும் போய்க்கொண்டிருந்தான். 1994இல் டென்மார்க் முழுவதும் மனிதர்களுக்குச் செலவான வான்கோமைசின் 24 கிலோ. அதே ஆண்டு தீவனத்தில் கலந்த அவோபார்சின் 24,000 கிலோ.

ஃபிராங்க் ஆரெஸ்ட்ரப் என்ற கால்நடை மருத்துவர் கோழிப்பண்ணைகளில் மாதிரி எடுத்தார். அவோபார்சின் கலந்த பண்ணைகளில் வான்கோமைசினுக்கு அடங்காத என்டிரோகாக்கஸ் கிருமிகள் இருந்தன. இயற்கைமுறைப் பண்ணைகளில் இல்லை. 1995 மே மாதத்தில் டென்மார்க் அவோபார்சினைத் தடைசெய்தது. 1997இல் ஐரோப்பிய ஒன்றியமும் தடைசெய்தது. டென்மார்க் கறிக்கோழிகளில் எடுத்த என்டிரோகாக்கஸ் கிருமிகளில் எதிர்ப்புள்ளவை 1995இல் சுமார் 73%. 2000இல் 6%க்கும் கீழே.

பன்றிகளில் அப்படி இறங்கவில்லை. அவோபார்சினை நிறுத்தி ஆண்டுகள் ஆகியும் எதிர்ப்பு நிலைத்து நின்றது. காரணம் டைலோசின் என்ற வேறொரு தீவன மருந்து. பன்றிக் குடலின் அந்தக் கிருமிகளில் டைலோசினை எதிர்க்கும் மரபணுவும் வான்கோமைசினை எதிர்க்கும் மரபணுவும் ஒரே பிளாஸ்மிடில், அதாவது பாக்டீரியாக்கள் தங்களுக்குள் கைமாற்றும் டி.என்.ஏ. வளையத்தில், அருகருகே அமர்ந்திருந்தன. ஒன்றுக்குத் தீனி போட்டால் மற்றதும் பிழைத்தது. டைலோசின் நின்ற பிறகே பன்றிகளிலும் எதிர்ப்பு சரிந்தது. மருந்தை ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்க்கலாம் என்ற யோசனைக்கு இது பதிலாக அமைந்தது. டென்மார்க் பன்றி வளர்ப்போர் 1999 முடிவதற்குள் வளர்ச்சி மருந்துகளை முழுவதும் கைவிட்டார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2006 ஜனவரி 1இல் மிச்சமிருந்தவற்றையும் தடைசெய்தது.

நட்டம் எவ்வளவு? தாய்ப்பால் மறந்த பன்றிக்குட்டிகளுக்கு வயிற்றுப்போக்கு கூடியது. சிகிச்சைக்கான மருந்துச் செலவு சிறிது காலம் ஏறியது. பால் மறக்கடிக்கும் வயதைத் தள்ளிப்போட்டும் தீவனக் கலவையை மாற்றியும் பண்ணைகள் சமாளித்தன. 1992இல் ஆண்டுக்கு 1.84 கோடி பன்றிகளை வளர்த்த நாடு 2008இல் 2.71 கோடியை வளர்த்தது. ஒரு கிலோ பன்றிக்கான ஆன்டிபயாட்டிக் செலவு பாதிக்கும் கீழே வந்தது. கறிக்கோழியில் கணக்கு இன்னும் துல்லியமானது. பல்லடம் பக்கத்துப் பண்ணைக்காரர்கள் எஃப்.சி.ஆர். என்று அன்றாடம் பேசும் எண், அதாவது ஒரு கிலோ எடை ஏற எத்தனை கிலோ தீவனம் என்ற விகிதம், டென்மார்க்கில் 0.016 கூடியது. ஒரு கிலோ கோழிக்கு 16 கிராம் தீவனம் அதிகம். மருந்து வாங்காமல் மிஞ்சிய காசு அதைப் பெரிதும் ஈடுகட்டியது. 50% வளர்ச்சி என்று 1950இல் தொடங்கிய பேச்சு, நவீனக் கூடங்களில் இந்த அளவுக்குச் சுருங்கியிருந்தது.

அவோபார்சினின் கதை வேறொரு மருந்தில் மறுபடியும் நடந்தது. கொலிஸ்டின் சிறுநீரகத்தைப் பாதிக்கிறது என்று 1970களில் மருத்துவர்கள் ஓரங்கட்டிய மருந்து. அதனாலேயே அது பண்ணைகளுக்குத் தாராளமாகப் போனது. இந்த நூற்றாண்டில் மற்ற எல்லாம் தோற்றபோது தீவிர சிகிச்சைப் பிரிவுகள் கொலிஸ்டினைத் தேடி எடுத்தன. 2015 நவம்பரில் சீன ஆய்வாளர்கள் ஒரு பன்றியின் ஈ.கோலையில் கொலிஸ்டினை எதிர்க்கும் எம்.சி.ஆர்-1 என்ற மரபணுவைக் கண்டதாக அறிவித்தார்கள். பாக்டீரியாவிலிருந்து பாக்டீரியாவுக்குத் தாவக்கூடிய பிளாஸ்மிடில் அது இருந்தது. தேடத் தேட, உலகின் பல நாடுகளில் சேமித்து வைத்திருந்த பழைய மாதிரிகளிலும் அது வெளிப்பட்டது. ஓரிரு ஆண்டில் சீனா வளர்ச்சிக்காகக் கொலிஸ்டின் கலப்பதை நிறுத்தியது.

இந்தியாவில் இந்த விவாதத்துக்குச் சென்னை ஒரு முக்கிய மேடை. 2012இல் மருத்துவர் அப்துல் கஃபூர் முன்னின்று, நாட்டின் மருத்துவச் சங்கங்களைக் கூட்டி உருவாக்கிய 'சென்னைப் பிரகடனம்' ஆன்டிபயாட்டிக் கட்டுப்பாட்டுக்கான முதல் தேசியச் செயல்திட்டங்களில் ஒன்று. 2014இல் டெல்லியின் அறிவியல் சுற்றுச்சூழல் மையம் தலைநகர் வட்டாரத்தில் 70 கோழி மாதிரிகளைச் சோதித்து, அவற்றில் 40%இல் ஆன்டிபயாட்டிக் எச்சம் இருந்ததாக வெளியிட்டது. 2019 ஜூலையில் மத்திய சுகாதார அமைச்சகம் உணவுக்கான கால்நடை, கோழி, மீன் வளர்ப்பு, தீவனக் கலவை எதற்கும் கொலிஸ்டினைத் தயாரிக்கவோ விற்கவோ கூடாது என்று ஆணையிட்டது. நாமக்கல்லின் முட்டைக்கோழிப் பண்ணைகளும் பல்லடத்தின் கறிக்கோழிக் கொட்டகைகளும் அந்த ஆணைக்கு உட்பட்டவை. தடை ஒரு மருந்துக்கானது. டைலோசின் டென்மார்க்கில் கற்றுக்கொடுத்த கணக்கு இங்கே இன்னும் போடப்பட வேண்டியிருக்கிறது.

உலக விலங்கு நல அமைப்புக்குத் தகவல் தரும் நாடுகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று இன்றும் வளர்ச்சிக்காக ஆன்டிபயாட்டிக் கலப்பதாகச் சொல்கிறது. தடைசெய்த நாடுகளிலோ, மருத்துவர் எழுதிய நோய்த்தடுப்புச் சீட்டு எங்கே முடிகிறது, வளர்ச்சி மருந்து எங்கே தொடங்குகிறது என்பதில் வழக்கறிஞர்களும் ஆய்வாளர்களும் இன்னும் மோதிக்கொண்டிருக்கிறார்கள்.

அடுத்த இதழில்: 2002இல் ஐரோப்பியத் துறைமுகங்கள் ஆசிய இறால் பெட்டிகளைத் திருப்பி அனுப்பின. நைட்ரோஃபுரான் என்ற மருந்தின் எச்சத்தைத் தேடிய கருவிகளும், அதனால் ஆட்டங்கண்ட வங்கக் கடலோர இறால் குட்டைகளும்.